மூடிய கராஜில் இன்ஜினை ஓட்டும்போது புகையை வெளியேற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்க்கப் பழகும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சாவியைத் திருகிவிட்டு, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு, புகையை வெளியே கொண்டுபோகும் ஹோஸ் எங்கே, அதை இறுக்கும் கிளாம்ப் எங்கே என்று தேடுவார்கள். "ரெண்டு நிமிஷம்தானே, ஷட்டர் திறந்துதானே இருக்கு" என்பார்கள். அந்த முதல் இரண்டு நிமிடம்தான் ஆக மோசமானது: குளிர்ந்த இன்ஜினின் புகையில்தான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் கராஜுக்குள் சாவியைத் திருகுவது ஏழாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஆறையும் வரிசை மாற்றாமல் முடியுங்கள்.

1. முதலில், வண்டியை வெளியே தள்ள முடியுமா?

இன்ஜினில் வரும் சத்தத்தைக் கேட்பது, ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சரி பார்ப்பது, பேட்டரி ஏற்றுவது, நாள்கணக்கில் நின்ற வண்டியைச் சூடாக்குவது எல்லாம் திறந்த வெளியில் செய்யக்கூடிய வேலைகள். இவற்றுக்காக வண்டியை உள்ளே ஓட்ட வேண்டியதே இல்லை. நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள்.

வெளியே என்றால் முழுக்க வெளியே. பாதி வண்டி உள்ளேயும் சைலன்சர் முனை மட்டும் வாசலிலும் நிற்கும்படி விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று வாசலை நோக்கி அடித்தால் புகை அப்படியே உள்ளே திரும்பும். அதைவிட மோசமாக, வண்டியின் மூக்கை வெளியே வைத்து வாலை உள்ளே வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வண்டி ஸ்டாண்டில் ஏறியிருக்கிறது, சக்கரம் கழற்றியாயிற்று, உள்ளே வைத்துத்தான் பார்த்தாக வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்து, அடுத்த அறையிலோ மாடியிலோ யாராவது தூங்கிக்கொண்டிருந்தால், அப்போது வேண்டாம். தூங்குகிறவருக்குத் தலைவலி வந்து எச்சரிக்காது.

2. கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரமுள்ள கராஜில் 45 கன மீட்டர் காற்று இருக்கிறது; அதாவது 45,000 லிட்டர். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் புகையைத் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அடைத்த கராஜில் ஒவ்வொரு நிமிடமும் 130 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 130 பங்கு) மேல் ஏறுகிறது. பத்து நிமிடத்தில் 1,300.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், ஒரு வேலைநாளின் சராசரிக்கு 35 பிபிஎம் என்றும், எந்த நேரத்திலும் தாண்டக்கூடாத அளவு 200 என்றும் வைத்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அது குறிக்கும் அளவு 1,200.

"என் வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். அது ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் போகிறது. புகை மோசமாக இருக்கும் நேரத்தில் கன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: அடைத்த அறையில் இன்ஜின் தன் புகையையே திரும்ப உறிஞ்சத் தொடங்கினால், ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு இன்னும் கூடும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் மூக்கில் ஏறுவது புகையில் கலந்த மற்ற சமாச்சாரங்கள். நாற்றம் குறைந்துவிட்டது என்பதற்காக வாயு குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. எடையிலும் அது காற்றைவிடச் சற்றே லேசானது, அவ்வளவுதான். எனவே தரையில் தங்கும், மேல் ஜன்னலைத் திறந்தால் போய்விடும் என்ற இரண்டு நம்பிக்கைகளுமே தவறு. அது அறை முழுக்கக் கலக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

கார்பன் மோனாக்சைடு மீட்டர். இது இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரத்தை இதற்கு நம்ப வேண்டாம். அவை சமையல் புகைக்கெல்லாம் அலறாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே தாமதமாக ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. அமெரிக்கத் தரத்தின்படி 70 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒலிக்காமல் இருக்கலாம். எண்ணைத் திரையில் காட்டும், சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய மீட்டர் வேண்டும். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு. காலாவதித் தேதியைப் பாருங்கள். பக்கத்தில் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால், அதிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கும் இந்த மீட்டர்கள் எண் காட்டும். குழம்பாமல் இருக்க சார்ஜரை முதலில் அணைத்துவிடுங்கள்.

ஹோஸ். வாகனப் புகைக்கென்றே செய்த, வெப்பம் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும். காருக்கு 100 மி.மீ. உள்விட்டம் பொதுவாகப் போதும். ஹோஸ் மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐடிலில் ஓட்டுவதற்கும் ரேஸ் கொடுத்து ஓட்டுவதற்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு மாட்டும் மெல்லிய அலுமினியச் சுருள் குழாய், பிவிசி பைப், தோட்டத்து ஹோஸ் எதுவும் ஆகாது. பிவிசி இளகிப்போகும். அலுமினியச் சுருளோ இரண்டு முறை வளைத்தால் மடிப்பில் கிழியும், அந்தக் கிழிசல் கண்ணுக்கும் தெரியாது.

இவை தவிர: சைலன்சர் முனைக்குப் பொருந்தும் ரப்பர் அல்லது உலோகப் புனல், கிளாம்ப், தடித்த கையுறை, சக்கரக் கட்டைகள், தீயணைப்பான். வெளியே நின்று எட்டிப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். அவர் கராஜுக்குள் உங்களோடு நின்றால் பயனில்லை. இருவருக்கும் ஒன்றாகத்தான் தலை சுற்றும்.

4. வழியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்

ஹோஸை எவ்வளவு இறுக்கமாக மாட்டினாலும், புகை சைலன்சர் முனைக்கு வந்து சேர்ந்தால்தானே ஹோஸுக்குள் போகும்? மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) இணைப்பை அடைக்கும் கேஸ்கெட், அதன் கீழே வரும் நெளியும் குழாய், துருப்பிடித்த சைலன்சர் தையல் ஆகிய மூன்றும்தான் வழக்கமான ஓட்டைகள்.

இந்தச் சோதனையை வண்டியை உள்ளே ஸ்டாண்டில் ஏற்றும் முன், வெளியே இருக்கும்போதே, இன்ஜின் குளிர்ந்திருக்கையில் செய்யுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் கையுறை போட்டு, தடித்த துணிச் சுருளால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டும். குழாய் நன்றாக இருந்தால் அழுத்தம் கூடிக் கையைத் தள்ளும், இன்ஜின் திணறும். கையைத் தள்ளாமல் வண்டிக்கு அடியில் எங்காவது "உஸ்" என்று கேட்டால் அங்கே ஓட்டை. குளிரில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிடும் சத்தம் பெரும்பாலும் மேனிஃபோல்டு பக்கத்துக் கசிவு. உலோகம் விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

சைலன்சரின் அடியில் ஊசித்துளை போல ஒன்று இருந்தால் பதற வேண்டாம். தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பாளரே விட்ட துளையாக இருக்கலாம். அதை அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆனால் அதன் வழியாகவும் கொஞ்சம் புகை வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். மற்ற கசிவுகளை அடைக்காமல் உள்ளே ஓட்டக் கூடாது.

5. காற்று வரவும் போகவும் வழி செய்யுங்கள்

ஹோஸின் வெளிமுனை எங்கே முடிகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஷட்டருக்கு வெளியே ஓரடி தள்ளி விட்டுவிட்டு வருவது ஆகப் பெரிய பிழை. புகை சுவரில் மோதி, ஷட்டர் இடுக்கு வழியாகத் திரும்பி வந்துவிடும். என் வழக்கம் குறைந்தது 3 மீட்டர் தள்ளி விடுவது. அந்த முனைக்குப் பக்கத்தில் உங்கள் ஜன்னலோ அடுத்த வீட்டு ஜன்னலோ காற்றை உள்ளிழுக்கும் திறப்போ இருக்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். முனைக்கு நேராகக் காற்று அடித்தால் திசையை மாற்றுங்கள்.

அடுத்து, புதுக்காற்று உள்ளே வரும் வழி. இன்ஜினும் புகையை இழுக்கும் ஃபேனும் சேர்ந்து அறையின் காற்றை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு ஈடாகக் காற்று வர வழி விடாவிட்டால், வீட்டுக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியாகவும், கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் புகைக்குழாய் வழியாகவும்கூட இழுக்கும். அப்போது ஹீட்டரின் புகையும் உள்ளே வரும். எனவே ஹோஸ் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். வீட்டுக்குள் போகும் கதவை மட்டும் மூடி, அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள்.

ஷட்டரை முழுதாகத் திறக்க முடிந்தால் திறந்தே வையுங்கள். ஹோஸ் இருக்கிறதே என்று மூட வேண்டாம். ஹோஸ் கழன்றால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் திறப்புதான். இதைத் தலைகீழாகவும் புரிந்துகொள்ள வேண்டும்: ஷட்டர் திறந்திருப்பதால் ஹோஸ் வேண்டாம் என்று ஆகாது. காற்று அசையாத நாளில் திறந்த வாசல் மட்டும் போதாது.

6. ஹோஸை மாட்டுங்கள்

இரண்டு முறைகள் உண்டு. இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

முதலாவது, இன்ஜினின் அழுத்தமே புகையைத் தள்ளும் முறை. இதில் ஹோஸுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கூடுதல். எங்கே இடைவெளி இருந்தாலும் புகை அறைக்குள் வரும். எனவே புனல் சைலன்சர் முனையை இறுகப் பிடிக்க வேண்டும், கிளாம்ப் கட்டாயம், ஹோஸ் குட்டையாக இருக்க வேண்டும். நீளமும் வளைவும் கூடக்கூடப் பின்னழுத்தம் ஏறி, இணைப்பையே உதறிவிடும்.

இரண்டாவது, வெளிமுனையில் ஃபேன் வைத்து உறிஞ்சும் முறை. ஹோஸ் முழுக்க உறிஞ்சலில் இருப்பதால் இடுக்கு இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது. நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இதில் புனல் சற்றுத் தளர்வாக, சுற்றிலும் இடைவெளியோடு இருக்கலாம். அந்த வழியே போகும் குளிர்காற்று ஹோஸின் வெப்பத்தையும் குறைக்கும். ஃபேன் ஹோஸின் வெளிமுனையில்தான் இருக்க வேண்டும். சைலன்சர் பக்கம் வைத்தால் அதற்கு அப்பால் உள்ள ஹோஸ் முழுக்க அழுத்தத்துக்கு வந்துவிடும், முறையின் பலனே போச்சு. வெப்பம் தாங்குவதாகவும், மோட்டார் புகை ஓடும் பாதைக்கு வெளியே அமைந்ததாகவும் உள்ள ஃபேன் வேண்டும். மேஜை ஃபேனை ஹோஸ் வாயில் டேப் போட்டு ஒட்டுவது ஆகாது.

ஃபேனின் அளவுக்கு ஒரு கணக்கு: இன்ஜின் லிட்டரில் பாதியை, நீங்கள் ஓட்டப்போகும் அதிகபட்ச ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) பெருக்குங்கள். 1.5 லிட்டர், 2,500 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 1,875 லிட்டர். சூட்டில் புகை விரிவதற்காக இரண்டால் பெருக்குங்கள். இடுக்கு வழியே வரும் காற்றுக்காக மீண்டும் இரண்டால். மணிக்கு 450 கன மீட்டர் வருகிறது. நிஜத்தில் இன்ஜின் இதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் ஹோஸ் நீளத்தில் ஃபேனின் பலம் குறையும் என்பதால் கூடுதலாக இருப்பதே நல்லது.

எந்த முறையானாலும் ஹோஸ் நடுவில் தொங்கக் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த ஹோஸில் அதில் ஒரு பங்கு நீராகப் படியும். ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டிய பிறகு இன்ஜின் திணறத் தொடங்கியது. பெட்ரோல் வரவில்லையோ என்று ஃபில்டரைக் கழற்றப் போய்விட்டேன். ஹோஸைத் தூக்கிப் பார்த்தால், தொங்கிய வளைவில் கறுப்புத் தண்ணீர் பாதிக் குழாய்க்கு நின்றிருந்தது. அதிலிருந்து வெளிமுனையை நோக்கிச் சரிவாகவே ஹோஸைப் போடுகிறேன்.

வெளிமுனையைக் கல்லோ கம்பியோ வைத்து அசையாமல் கட்டுங்கள். திடீரென ரேஸ் கொடுத்தால் ஹோஸ் பாம்பு போல நெளிந்து உள்ளே திரும்பும். இரட்டை சைலன்சர் வண்டியில் இரு முனைகளையும் சேர்க்கும் கவைக் குழாய் தேவை. ஒன்றில் மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

7. இப்போது சாவி, அதுவும் இந்த வரிசையில்

மீட்டரை வெளிக்காற்றில் ஆன் செய்து, திரையில் சுழியம் வருகிறதா என்று பாருங்கள். கராஜுக்குள் ஆன் செய்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் வாயுவையே சுழியமாக எடுத்துக்கொள்ளும் மீட்டர்களும் உண்டு. அப்புறம் அதை நெஞ்சு உயரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து வேலை என்றால் முகத்துக்குப் பக்கத்தில்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியர் நியூட்ரல் அல்லது பார்க். ஃபேனை ஓடவிடுங்கள். ஒரு டிஷ்யூ துண்டைப் புனலின் வாயருகே பிடியுங்கள். அது உள்பக்கம் இழுபட்டால் உறிஞ்சல் இருக்கிறது. ஊதுவத்திப் புகை இன்னும் நன்றாகக் காட்டும்தான், ஆனால் பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

இதெல்லாம் ஆன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் வேறு எந்த வேலையும் கிடையாது. இணைப்பைப் பாருங்கள், வெளிமுனையில் புகை வருகிறதா பாருங்கள், மீட்டரைப் பாருங்கள்.

8. ஓடும்போது கவனிக்க வேண்டியவை

நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை. மீட்டர் 10 பிபிஎம்மைத் தாண்டினால் எங்கிருந்து கசிகிறது என்று தேடுவேன். 35 வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன், காரணம் தெரியும்வரை மறுபடி ஸ்டார்ட் இல்லை. 200 வந்தால் கையில் இருக்கும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே. எண் குறைவாக இருந்தும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால், அதையும் கசிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரேஸ் கொடுப்பதற்கு முன் இணைப்பை ஒருமுறை தொடாமல் பாருங்கள். ஹோஸுக்கு அடியில் எண்ணெய்த் துணி, அட்டைப்பெட்டி, ஒயர் எதுவும் படக் கூடாது. டீசல் வண்டியில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: புகை வடிகட்டியில் சேர்ந்த கரியைத் தானாக எரித்துச் சுத்தம் செய்யும்போது புகையின் வெப்பம் மிகவும் ஏறும், சாதாரண ஹோஸ் கருகிவிடும். அந்த வேலையை வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும். டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவு என்பதற்காக ஹோஸை விடவும் முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியிருக்கிறது.

ஹைப்ரிட் வண்டி இன்னொரு வகைத் தொல்லை. சத்தமில்லாமல் நிற்கும், அணைந்துவிட்டது என்று ஹோஸைக் கழற்றுவீர்கள், பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும். பட்டனை அழுத்தி முழுக்க அணைத்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இன்ஜினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அறைக்குள் என்ன இருக்கிறது என்று கதவைத் திறக்கும் உங்களுக்குத் தெரியாது.

9. தலை வலித்தால்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி. வெயிலாலோ பசியாலோ என்று காரணம் தேடிக்கொண்டிருக்கத் தோன்றும். சரியாக யோசிக்கும் திறனையும் இந்த வாயு கெடுக்கிறது. அதனால் உள்ளே நின்று யோசிக்காதீர்கள். சாவி கைக்கெட்டினால் அணையுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். அப்படிப் போனவரும் பக்கத்திலேயே விழலாம். வெளியிலிருந்தே ஷட்டரையும் கதவுகளையும் திறந்துவிடுங்கள், அவசர உதவியை அழையுங்கள், இது கார் புகை என்று சொல்லுங்கள். அந்தச் சொல் முக்கியம், ஏனென்றால் சிகிச்சையே சுத்த ஆக்சிஜன்தான்.

வெளியே வந்ததும் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் போங்கள். இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

10. அணைத்த பிறகு

முதலில் இன்ஜின், கடைசியில் ஃபேன். இன்ஜின் நின்றதும் ஹோஸைப் பிடுங்கினால், குழாயில் மீதமுள்ள புகை அறைக்குள்தான் வரும். ஐந்து நிமிடம் ஃபேன் ஓடட்டும். சைலன்சர் முனையும் புனலும் அதற்குள் கொஞ்சம் ஆறும். ஆனாலும் கையுறையோடுதான் தொட வேண்டும்.

மீட்டர் மீண்டும் சுழியத்துக்கு வரும்வரை ஷட்டரை மூடாதீர்கள், வீட்டுக்குள் போகும் கதவையும் திறக்காதீர்கள். இன்ஜின் நின்றுவிட்டது என்று ஷட்டரை உடனே இறக்கினால், அறையில் இருக்கும் வாயு மணிக்கணக்கில் அங்கேயே கிடந்து, இடுக்கு வழியாக வீட்டுக்குள் ஏறும்.

ஹோஸை இரு முனைகளும் திறந்திருக்கும்படி சாய்த்துத் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு சுருட்டுங்கள். அடுத்த முறை மாட்டும் முன் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் எட்டிப் பாருங்கள். சில மாதம் சும்மா கிடந்த ஹோஸ் ஒன்றில் எனக்கு வெளிச்சம் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபோது, யாரோ பூச்சி போகாமலிருக்க அடைத்து வைத்த பழைய பனியன் வெளியே வந்தது.